மூடிய வீட்டில் இரண்டு நாள்

கிளாடெட் ரான்கூர் அக்டோபர் மாதத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வெர்மான்ட்டின் வடக்கு மூலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அந்த மாதம்தான் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். மேப்பிள் மரங்கள் சிவப்பதைப் பார்ப்பார்கள், பூசணிக்காய் வாங்குவார்கள், சூடான ஆப்பிள் சாறு குடிப்பார்கள், ஞாயிறு மாலை திரும்பிப் போவார்கள். அவர்கள் படுத்த படுக்கையை மாற்றுகிறவர்களும் அவர்கள் சாப்பிடும் கேக்கைச் சுடுகிறவர்களும் ஊரில்தான் இருக்கிறார்கள். கிளாடெட் இரண்டையும் செய்தார்.

அறுபத்தொரு வயது. இருபத்தாறு வருடமாகப் பள்ளிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரர். காலை ஐந்தரைக்கு அடுப்பு மூட்டினால் பிற்பகல் இரண்டரைக்குத்தான் மேலங்கியைக் கழற்றுவார். அதே பள்ளி அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. அந்த இலையுதிர் காலத்தில் சனி, ஞாயிறுகளில் விருந்தாளிகள் தங்கும் வீடுகளில் நானும் அவருடன் துப்புரவு வேலைக்குப் போய்வந்தேன். காரில் அதிகம் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். அதனால் ஒத்துப்போயிற்று.

நாங்கள் சுத்தம் செய்த வீடுகளில் ஒன்று அவருடையதே. அவர் அப்பா டமராக் ஏரிக்கரையில் கட்டிய மரவீடு. இங்கே எல்லோரும் அதைக் கேம்ப் என்பார்கள். கோடைக்கான வீடு; குளிரில் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க அக்டோபர் நடுவில் தண்ணீரை வடித்து மூடிவிட்டு மே மாதம் திறப்பார்கள். அப்பா அதைக் கிளாடெட்டுக்கும் தம்பி நார்மண்டுக்கும் சேர்த்து எழுதிவைத்திருந்தார். நான்கு வருடமாக நார்மண்ட் அதை இலை பார்க்க வருகிறவர்களுக்கு வாரக்கடைசிகளில் வாடகைக்கு விட்டுவந்தார். அவருக்கு முட்டி வலி. வேறு வருமானமும் குறைவு. கிளாடெட் அதைக் குறையாகச் சொன்னதில்லை. கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: மூடுவதற்கு முன்னால் ஒரு வாரக்கடைசி, தனக்கு.

என்னென்ன செய்யப் போகிறார் என்பது எனக்கு மனப்பாடம். கப்பல்துறைபோல ஏரிக்குள் நீளும் பலகைமேடையில் உட்கார்ந்து காபி. எதிர்க்கரை மரங்களைப் பார்ப்பது. பிறகு அந்தத் தரைவிரிப்பு. பழைய கம்பளிக் கோட்டுகளைப் பட்டைகளாகக் கிழித்து, மூன்றுமூன்றாகப் பின்னி, சுருளாகத் தைத்துக்கொண்டே போவது. மூன்று வருடத்துக்கு முன்னால் தொடங்கியது. இன்னும் சாப்பாட்டுத் தட்டு அளவுதான்.

அக்டோபரில் திங்களும் விடுமுறையாக வரும் நீண்ட வாரக்கடைசி உனக்குத்தான் என்று நார்மண்ட் ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய புதன்கிழமை சமையலறையின் பின்கதவில் வந்து நின்றார்.

“அக்கா, ஒரு சின்ன விஷயம்.”

“உன் சின்ன விஷயத்துக்கெல்லாம் நான்தான் படுக்கை விரிக்கணும். சொல்லு.”

“பாஸ்டன்ல இருந்து ஒரு ஜோடி. மூணு நாளைக்குக் கேக்கறாங்க. அடுத்த வருஷம் கண்டிப்பா—”

“போன வருஷமும் இதே கதவுல சாஞ்சுகிட்டுதான் இதைச் சொன்ன.”

“உனக்கென்னக்கா, இங்கயே இருக்க. இலையெல்லாம் உன் வாசல்லயே விழுது.”

“ஆமா. பெருக்கறதும் நான்தான்.”

நார்மண்ட் சிரித்தார். கிளாடெட் மாட்டேன் என்று சொல்லவில்லை. கேரட் நறுக்குவதைத் தொடர்ந்தார். சரி என்றும் சொல்லவில்லை என்பதை அவர் தம்பி கவனிக்கவில்லை, நானும்தான்.

வெள்ளிக்கிழமை பள்ளி இல்லை. விருந்தாளிகள் மாலை வருவதாக இருந்ததால் காலையிலேயே ஏரிக்குப் போனோம். காரின் பின்பக்கம் துவைத்த விரிப்புகளோடு இரண்டு பெரிய தண்ணீர்க் கேன்கள் இருந்தன. எதற்கென்று நான் கேட்கவில்லை.

முதல் படுக்கையில் ஒரு விரிப்பைப் போட்டோம். கிளாடெட் அதன் ஓரத்தைச் செருகினார். அப்படியே அதன்மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், மின்சாரப் பெட்டியைத் திறந்து, பம்புக்கும் வெந்நீர்த் தொட்டிக்குமான சுவிட்சுகளை இறக்கினார்.

“என்ன பண்றீங்க?”

“மூடறேன்.”

“உறைபனி திங்கள் ராத்திரிதான்னு ரேடியோல சொன்னாங்களே.”

“ரேடியோக்காரன் வந்து என் குழாயை ஒட்டித் தருவானா? அந்தக் குழாய்களைத் திற. எல்லாத்தையும்.”

திறந்தேன். வெந்நீர்த் தொட்டியின் அடியில் ரப்பர்க் குழாயைச் செருகி வாசலுக்கு விட்டார். ஒரு வருடம் நார்மண்ட் சுவிட்சை இறக்காமல் தொட்டியை வடித்து, உள்ளே இருந்த சூடாக்கும் கம்பி கருகிப்போனதாம். “ஊர்ல இன்னும் அதைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடறாங்க,” என்றார். தண்ணீர் வடிந்ததும் கழுவுதொட்டி ஒவ்வொன்றின் வடிகாலிலும் இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றினார். குழாய் வளைவில் தங்கும் தண்ணீர் உறையாமல் இருக்க. எல்லாம் நிதானமாக, மாவு அளக்கிறவர்போல.

பிறகு ஏரிக்குப் போனோம். வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கும் கறுப்புக் குழாய் அடியில் கல் கட்டிக் கிடந்தது. மேடைமேல் நின்று இருவரும் இழுத்தோம். பாசி வழிய வழிய அது கரைக்கு வந்தது. அதை மறுபடி போட வேண்டுமென்றால் ஒருவர் மார்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். மே மாதத்திலேயே யாரும் அதை விரும்பிச் செய்வதில்லை.

கடைசியாகச் சமையலறை அலமாரியைத் திறந்தார். அதன் கதவின் உட்புறத்தில்தான் திறந்த நாளையும் மூடிய நாளையும் பென்சிலால் எழுதுவார்கள். அப்பாவின் கையெழுத்தில் ஐம்பது வருடத்துக்கு முந்தைய வரிகளும் இருந்தன. ‘மூடியாயிற்று. கரையோரம் பனிக்கட்டி.’ ‘மூடியாயிற்று. காட்டுக்கோழி இரண்டு.’ பிறகு நார்மண்டின் எழுத்து. கிளாடெட்டின் எழுத்து ஒன்றுகூட இல்லை. அவர் தேதியைப் போட்டு, ‘மூடியாயிற்று’ என்று எழுதினார்.

நார்மண்ட் இரண்டு மணிக்கு விறகு ஏற்றிய வண்டியோடு வந்தார். கை கழுவக் குழாயைத் திருகினார். அது ஏற்கெனவே திறந்திருந்தது.

“தண்ணி எங்க?”

“வடிச்சிட்டேன்.”

“அக்கா, நாலு மணிக்கு ஆள் வர்றாங்க.”

“வரட்டும். கேம்ப் மூடியாச்சு.”

“விளையாடாத. யார் மூடச் சொன்னது?”

“யார் சொல்லணும்? வீட்டுல பாதி என்னுது. எந்தப் பாதியில தண்ணி ஓடுதுன்னு பாத்து உன் ஆளுங்களைப் படுக்க வை.”

நார்மண்ட் சன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். கரையில் கிடந்த கறுப்புக் குழாயைப் பார்த்தார். பிறகு தன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

“வேணும்னா இறங்கிப் போடு,” என்றார் கிளாடெட். “நான் மேல நின்னு துண்டு பிடிக்கறேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நாலு வருஷமா சொல்றேன் நார்ம். நவம்பர்ல மான் வேட்டைன்னு ஒரு வாரம் போற. யார்கிட்டயாவது கேட்டுட்டா போற?”

நார்மண்ட் வாசலுக்குப் போனார். விறகை இறக்கத் தொடங்கினார். பாதி இறக்கிவிட்டு, “அவங்களை எங்க தங்க வைக்கறது?” என்று கேட்டார். அக்காவைக் கேட்டாரா விறகைக் கேட்டாரா என்று தெரியவில்லை.

“உன் பெட்ரூம்ல. சன்னலுக்கு வெளிய நல்ல மேப்பிள் நிக்குது. லினெட்டை அப்பம் சுடச் சொல்லு.”

லினெட் நார்மண்டின் மனைவி. மீதி விறகையும் இறக்கிவிட்டுத்தான் அவர் போனார்.

நானும் அவர் வண்டியிலேயே கிளம்பினேன். அதற்குள் கிளாடெட் கேன்களை உள்ளே தூக்கிவைத்து, விறகடுப்பை மூட்டியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் பழைய குழிக் கழிப்பறை இருக்கிறது. வேறு எதுவும் தேவையில்லை என்றார்.

சனிக்கிழமை பகல் முழுவதும் காற்றும் மழையும். ஞாயிறு பிற்பகல் ஆப்பிள் சாற்று டோனட்கள் ஒரு பையில் வாங்கிக்கொண்டு போனேன். எதிர்க்கரை மரங்கள் பாதி மொட்டையாகிவிட்டிருந்தன. சிவப்பெல்லாம் தண்ணீரில் மிதந்தது. கிளாடெட் முகப்பில், தலைகூட வாராமல், போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தார். மடியில் தரைவிரிப்பு. அதே தட்டு அளவு.

“இலையெல்லாம் பாத்தீங்களா?” என்றேன்.

“இல்ல. தூங்கிட்டேன்.”

“ரெண்டு நாளுமா?”

“நேத்து ரெண்டு மணிக்கு எழுந்தேன். காபி குடிச்சேன். காத்து அடிக்கற சத்தம் கேட்டுச்சு. எழுந்து பாக்கணும்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா இன்னிக்கு.” கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு அப்படியேதான் இருந்தது. “இவ்வளவு களைப்பு உள்ள இருந்திருக்குன்னு எனக்கே தெரியாது.”

“வருத்தமா இருக்கா?”

யோசித்தார். “மரம் அடுத்த வருஷமும் சிவக்கும்,” என்று தொடங்கினார். அந்தப் பேச்சு அவருக்கே பிடிக்கவில்லைபோல. நிறுத்திவிட்டு ஒரு டோனட்டை எடுத்தார். சர்க்கரை விரிப்பின்மேல் கொட்டியது. தட்டிவிடவில்லை.

நார்மண்ட் சொல்லியனுப்பியிருந்ததைச் சொன்னேன். பாஸ்டன்காரர்களுக்கு அப்பம் பிடித்திருந்ததாம். நார்மண்ட் இரண்டு நாளாகக் கூடத்து சோபாவில் படுத்து இடுப்பு பிடித்துவிட்டதாம். உபரித் தலையணை உறைகள் எங்கே என்றும் கேட்கச் சொல்லியிருந்தார்.

“இங்கதான் இருக்கு. ஒண்ணுல தலை வச்சிருந்தேன்னு சொல்லு.”

பிறகு கொஞ்ச நேரம் பின்னினார். நான் கம்பளிப் பட்டைகளைச் சிக்கெடுத்துக் கொடுத்தேன். ஒரு முழம் இருக்கும். செவ்வாய்க்கிழமைப் பள்ளிச் சமையலைப் பற்றி அவர் பேச வாயெடுத்தது தெரிந்தது, பேசவில்லை.

காபிக் கோப்பையை வைக்க உள்ளே போனபோது அலமாரிக் கதவு திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை எழுதிய வரிக்குப் பக்கத்தில், அப்பாவின் காட்டுக்கோழிகளுக்குக் கீழே, பென்சிலால் இரண்டு சொற்கள் சேர்ந்திருந்தன.

‘நன்றாகத் தூங்கினேன்.’