ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்த படம்

மின்சாரம் போயிருந்த ஒரு மத்தியானம், ஓவர்சியரம்மா எங்கள் அலுவலகப் பதிவறையின் தரையில் பழைய காலண்டர் தாள்களைக் கவிழ்த்துப் போட்டு, ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டிருந்தார். நகைக்கடைகளும் பாத்திரக்கடைகளும் கொடுத்த பெரிய காலண்டர்கள். படங்களெல்லாம் தரையைப் பார்க்க, வெள்ளைப் பின்புறம் எங்களைப் பார்த்தது. அதில் நீல மையில் மெல்லிய கோடுகள். ஜன்னல் வெளிச்சம் போதாமல் நான் குனிந்து பார்த்தேன். முதலில் ஒரு பெரிய இலையின் நரம்புகள் என்றே நினைத்தேன். “வரத்துக்கால் சார். நம்ம ஒன்றியத்துல எந்த ஊருணிக்கு எங்குட்டிருந்து தண்ணி வருதுன்னு போட்டிருக்கேன்” என்றார்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றில் நான் உதவியாளராக இருந்தேன். அவர் அங்கே பணிப் பார்வையாளர். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, ஓவர்சியரம்மா என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கணவர் இறந்த பிறகு மகனை விடுதியில் சேர்த்துவிட்டு நாச்சியாபுரம் பக்கத்தில் தனியாக இருந்தார். விடுதிக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆடு மேய்ப்பவர்களிடமும் நூறு நாள் வேலைப் பெண்களிடமும் கேட்டுக் கேட்டு, கருவேலம் மூடிக் கிடந்த கால்வாய்களைக் காலால் நடந்து கண்டுபிடித்தார். அப்படி ஆறு வருடம் நடந்திருக்கிறார்.

படத்தைவிடப் பெரியது அதற்குள் இருந்த யோசனை. எங்கள் பக்கத்தில் ஊருணி வறண்டால் ஊருணியைத்தான் தோண்டுவோம். ஆழமாகும், தண்ணீர் வராது. ஊருணியைத் தொடவே வேண்டாம், அதன் வாயிலிருந்து மேல்நோக்கிக் கால்வாயைத் திறந்துகொண்டே போக வேண்டும் என்றார் அவர். வேலை பாதியில் இருக்கும்போது மழை பெய்தாலும், திறந்த அளவுக்குத் தண்ணீர் ஊருணிக்குள் இறங்கும். மேலிருந்து திறந்தால் அடைப்பில் முட்டித் தெருவுக்குள் போகும். எந்தக் கால்வாய் முதலில், எது அடுத்தது என்று ஓரத்தில் எண் போட்டிருந்தார். ஒரே ஒரு கிராமத்தில் அப்படிச் செய்து பார்த்தார்கள். அந்த ஐப்பசியில் அங்கே ஊருணி படிவரை நிரம்பியது. ஊர்க்காரர்கள் அலுவலகத்துக்குத் தேங்காய், பழத்தோடு வந்து அவரைத் தேடினார்கள். அவர் வேறொரு ஊரில் கழிப்பறைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஒன்றியத்தின் தலைமை அலுவலரான பி.டி.ஓ. கெட்டவர் அல்ல. மேலிடத்துக் கூட்டத்தில் பாராட்டு கிடைத்ததும், படத்தை அலுவலகக் கோப்பில் சேர்க்கச் சொன்னார். ஓவர்சியரம்மா தாள்களைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். நான் எண் போட்டு பீரோவில் வைத்தேன். கொஞ்ச நாளில் நீர்நிலைத் திட்டத்துக்கு அறிக்கை தயாரிக்கும் வேலை சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் போயிற்று. அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேர் வந்து, அதே பதிவறைத் தரையில் படத்தை விரித்து, செல்போனில் படம் பிடித்தார்கள். இரண்டு நாள் தங்கினார்கள். ஒரு கால்வாயைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் அறிக்கை வந்தது. வழவழப்பான தாள், வண்ண அச்சு, அதே கோடுகள், அதே வரிசை எண்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், கம்பெனியின் அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது என்று போட்டிருந்தது.

அறிக்கையை எடுத்துக்கொண்டு ஓவர்சியரம்மா போன அன்று பி.டி.ஓ. அறையில் நடந்த பேச்சு எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது. “அரசாங்கச் சம்பளம் வாங்கிட்டுச் செஞ்சது அரசாங்கத்துக்குத்தாம்மா சொந்தம்” என்றார் பி.டி.ஓ.

“ஞாயித்துக்கிழமைக்கும் சேத்தா சார் சம்பளம் குடுக்குறாக?”

நான் குறுக்கிட்டேன். சட்டம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு. “அரசு ஊழியர் இருபத்து நாலு மணி நேரமும் அரசு ஊழியர்தாம்மா.”

அவர் என்னைப் பார்த்தார். “சரி சார், அரசாங்கத்துக்கே இருக்கட்டும். அரசாங்கத்துது எப்படிக் கம்பெனியோடதாச்சு?”

பி.டி.ஓ. பேனாவை மூடினார், திறந்தார். நான் அறிக்கையைப் புரட்டினேன்.

“எம் பேரு போட வேணாம் சார். போட்டதத் தப்பில்லாமப் போடச் சொல்லுங்க, அது போதும்” என்றார் அவர். அப்போதுதான் காட்டினார். பதினோராம் எண் கால்வாய் அறிக்கையில் இல்லை. அது போகும் பாதையில் புதிதாக வீட்டுமனைக் கற்கள் நட்டிருந்தார்கள். யார் சொல்லி நீக்கினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கால்வாய் இல்லாவிட்டால் மேட்டுத் தண்ணீர் முழுக்கக் கீழே இருக்கும் ஊரின் காலனிக்குள்தான் இறங்கும். அவர் மூன்று கடிதங்கள் எழுதினார். மூன்றையும் நானே பதிவு செய்து மேலே அனுப்பினேன். பதில் வரவில்லை.

அடுத்து வந்த கிராம சபைக் கூட்டத்துக்கு அந்த ஊரின் பற்றாளராக, அதாவது அலுவலகத்தின் சார்பில் கூட்டத்தைக் கவனிப்பவராக, அவரே போனார். வீட்டில் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு சார்ட் தாளில் படத்தைத் திரும்ப வரைந்து, பள்ளிக்கூடச் சுவரில் மாட்டி, பதினோராவது கோட்டைச் சிவப்பு மையில் காட்டினார். ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தது. பத்து நாளில் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. தங்கள் அறிக்கையிலுள்ள வரைபடத்தை உங்கள் ஊழியர் ஒருவர் அனுமதியின்றி நகலெடுத்து, திரித்து, பொதுமக்களிடம் காட்டியிருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். அவருடைய படத்தை அவரே திருடிவிட்டார் என்பதுதான் அதன் பொருள்.

பதினேழு பி குற்றச்சாட்டு, பெரிய தண்டனைக்கான விதி. அலுவலக ரகசியத்தை வெளியிட்டது, பிறர் ஆவணத்தை நகலெடுத்தது. அதற்கான வரைவை எழுதியவன் நான். நல்ல வரைவு என்று மேலே பாராட்டினார்களாம். அவர் ஓய்வு பெற வேண்டிய நாளன்று சாயங்காலம் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. வழியனுப்பு விழாவுக்காக வாங்கிய மாலை வாளித் தண்ணீரில் கிடந்தது. உத்தரவை நான்தான் கையில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “எங்குட்டு சார் கையெழுத்துப் போடணும்?” என்று மட்டும் கேட்டார்.

விசாரணை அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: படம் அறிக்கைக்கு முந்தியது என்பதற்கு என்ன ஆதாரம்? ஆதாரம் என் பீரோவில் இருந்தது. ஒவ்வொரு தாளின் மறுபக்கமும் வருடம் அச்சிட்ட காலண்டர். பி.டி.ஓ. என்னை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தாமலே, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: “தேடிப் பாருங்க. கெடைக்கலைன்னா கெடைக்கலைன்னு எழுதிருங்க.” கட்டளை என்று அதைச் சொல்ல முடியாது. எங்கள் உலகத்தில் கட்டளைகள் அப்படித்தான் வரும். ‘பதிவறையில் காணப்படவில்லை’ என்று எழுதினேன். பொய்யும் இல்லை. பீரோ பதிவறைக்கு வெளியே இருந்தது.

சாட்சிகளை விசாரிக்கும் நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஓவர்சியரம்மா என் வீட்டுக்கு வந்தார். என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். மனைவி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தபின் கேட்டார்: “நீங்க மொதல்ல பாத்தீகல்ல சார்? அத மட்டும் வந்து சொன்னாப் போதும்.”

“எனக்கு இன்னும் ஒன்றரை வருசம் சர்வீஸ் இருக்கும்மா” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நெசந்தான் சார். ஒருத்தர் மாட்டுனது போதும்” என்று சொல்லி எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, “காப்பி நல்லா இருந்துச்சு தங்கச்சி” என்று என் மனைவியிடம் சொன்னார்.

குற்றச்சாட்டு நிரூபணமானது. ஓய்வூதியத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்யவில்லை. அறிக்கையை வைத்து வேலை நடந்தது; ஆனால் வரிசையை மாற்றி மேலிருந்து கீழாகத் தோண்டினார்கள், ஒப்பந்தக்காரருக்கு அதுதான் வசதி. அந்த ஐப்பசியில் காலனிக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஊருணியில் கணுக்கால் அளவு. வெள்ள நிவாரணப் பட்டியலை நான் தட்டச்சு செய்தேன். அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது பீரோவிலிருந்தவற்றை வேண்டியது, வேண்டாதது என்று பிரித்தார்கள். காலண்டர் தாள்கள் பழைய பேப்பரோடு ஏலத்தில் போயின. நான் அருகில்தான் நின்றேன். பிறகு ஓய்வு பெற்றேன், மாலை போட்டார்கள்.

போன மாசியில் ஓவர்சியரம்மா இறந்துபோனார். பதினாறாம் நாளுக்கு அவர் மகன் போனில் கூப்பிட்டான். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். போகாமல் இருந்திருக்கலாம், போனேன். பந்தலில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். தாயின் முகம் அப்படியே இருந்தது.

“ஆபீஸ்லருந்து நீங்க ஒருத்தராவது வந்தீக சார். அம்மா உங்களப் பத்தி நல்லவிதமாத்தான் சொல்லும்.” கையிலிருந்த போனைச் சட்டைப்பையில் போட்டான். “நாங்கள்லாம் சேரும்போதே கையெழுத்துப் போட்டுக் குடுத்துர்றோம் சார், யோசிக்கிறதெல்லாம் கம்பெனிக்குன்னு. அதனால எனக்கு இது பெரிசாத் தெரியல. ஆனா ஒண்ணு கேக்கணும். நான் அப்ப ஆஸ்டல்ல இருந்தேன், எதுவும் பாக்கல. அந்தப் படத்த அம்மாதான் வரைஞ்சுச்சா, இல்ல கம்பெனி படத்தப் பாத்துத்தான் வரைஞ்சுச்சா?”

இப்போது எனக்கு இழக்க எதுவும் இல்லை. “உங்க அம்மாதான் தம்பி. ஒவ்வொரு கோடும் அவுக நடந்தது. நான் என் கண்ணால பாத்தேன்” என்றேன்.

அவன் முகம் இளகியது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெதுவாக நிமிர்ந்தான்.

“அப்ப ஏன் சார் விசாரணையில யாருமே அதச் சொல்லல?”

உள்ளேயிருந்து யாரோ இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்து போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். அவனே வந்து எனக்குச் சோறு பரிமாறினான்.