முட்டியை நீட்டச் சொன்ன நர்சம்மா

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம். நெல் அவிக்கும்போது அண்டா சரிந்து, கொதிக்கிற தண்ணீர் என் வலது காலில் கொட்டியது. முட்டியின் பின்பக்கம் முழுக்கத் தோல் உரிந்துவிட்டது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சில வாரம் கிடந்தேன். கல்யாணமாகி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. மகள் இன்னும் பால் மறக்கவில்லை. அவளை விட்டுவிட்டு இங்கே கிடக்க மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடிக்கவும், டாக்டர் ஒரு வழி சொன்னார். பொன்னமராவதி போகிற ரோட்டில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புதிதாகச் சுகாதார நிலையம் திறந்திருந்தார்கள். அங்கிருந்து நர்ஸ் வீட்டுக்கே வந்து கட்டு மாற்றிவிடுவார். அதற்குச் சம்மதம் என்றால் போகலாம்.

சம்மதித்தேன். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

மறுநாளே நர்சம்மா கண்மாய்க் கரை வழியாக நடந்து வந்தார். வெள்ளைச் சேலை, கையில் தகரப் பெட்டி, கால் நிறையப் புழுதி. என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். வந்ததும் காலைப் பார்க்கவில்லை, அடுப்படியைப் பார்த்தார். பழைய வேட்டியைக் கிழித்து, துண்டு துண்டாக மடித்து, எங்கள் இட்லிப் பானையில் ஆவி காட்ட வைத்தார். தீபாவளிக்கு மட்டும் அடுப்பேறுகிற பானை அது.

"புண்ணுத் துணிய வேக வைக்கவா அதை வச்சிருக்கோம்?" என்று மாமியார் சத்தம் போட்டார்.

"ஆமாங்கம்மா, இனிமே இதுக்குத்தான். இட்லிக்கு வேற பானை வாங்கிக்கங்க" என்றார் நர்சம்மா, சிரிக்காமல்.

அடுத்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "அண்ணே, நான் வாரத்துல ரெண்டு நாளுதான் வர முடியும். மத்த நாளு நீங்கதான் கட்டணும். கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

பெண்டாட்டி காலுக்கு ஆம்பிளை கட்டுப் போடுவதா என்று மாமியாருக்கு ஒப்பவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஏர் பிடிக்கிற கை அது. அன்றைக்கு, ஒட்டிப்போன துணியைக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரால் நனைத்து நனைத்து, பூவிதழைப் பிரிப்பதுபோல எடுத்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அவருக்குத்தான் கண் கலங்கியது.

புண் ஆற ஆரம்பித்ததும்தான் உண்மையான சண்டை வந்தது. காலை மடக்கி வைத்தால் சுகமாக இருந்தது. மாமியார் பிரியமாக முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைத்திருந்தார். நர்சம்மா பார்த்தவுடன் அதை உருவி எடுத்துத் தூரப் போட்டார்.

"நீட்டும்மா."

நீட்டினேன். புதுத்தோல் கிழிகிற மாதிரி வலி. தெருவே கேட்கக் கத்தினேன். "இது என்ன மனுசியா?" என்று வாசலில் கூடியவர்கள் பேசிக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் எனக்கும் பொறுக்கவில்லை. "இனிமே நீங்க வராதீங்க. என் காலு, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

நர்சம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டியை மூடிவிட்டுத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வரல. ஆனா ஒண்ணு கேட்டுக்க. தோலு இழுத்துக்கிட்டே ஆறும். மடக்கி வச்சா மடங்கினபடியே நின்னுரும். அப்புறம் யாராலயும் நீட்ட முடியாது. ஒனக்கு நடவு நடணுமா, வேணாமா?"

ஊரில் என் வேகத்துக்கு நடவு நடுகிறவள் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. அந்தக் கேள்வி சரியான இடத்தில் விழுந்தது.

"நீங்க இழுத்தா என்னால தாங்க முடியல. நானே இழுத்துக்கிறேன். எப்படின்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. ஒரு பழைய சேலைத் துண்டைப் பாதத்தில் மாட்டி, இரண்டு முனையையும் என் கையில் கொடுத்தார். காலை நீட்டி உட்கார்ந்து நானே இழுக்க வேண்டும். வலி அதே வலிதான். ஆனால் எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்பது என் கையில் இருந்தது. மகளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த ஒன்றிரண்டு பாட்டை மழலையில் பாடச் சொல்லி இழுத்தேன். பங்குனி முடிவதற்குள், நீட்டிய காலில் முட்டியின் பின்பக்கம் தரையைத் தொட்டது. சித்திரையில் கம்பில்லாமல் நடந்தேன். மழை பெய்து கண்மாய் நிறைந்த வருஷம் அது. ஐப்பசியில் நடவுக்கு இறங்கினேன். முதல் நாள் மட்டும் பின்தங்கினேன்.

அறுவடை முடிந்த பிறகு நர்சம்மா மறுபடி வந்தார். இந்த முறை எனக்காக அல்ல. பக்கத்து ஊரில் பத்து வயதுப் பெண் ஒருத்தி அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டு, விரலை நீட்ட மாட்டேன் என்கிறாளாம். "நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. நீ வாரியா?"

போனேன். அந்தப் பெண் சுவரோரம், கையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேலையை முட்டிக்கு மேல் ஒதுக்கி, பளபளவென்று சுருங்கிக் கிடந்த தழும்பைக் காட்டினேன். காலை மடக்கினேன், நீட்டினேன், குத்துக்கால் வைத்து உட்கார்ந்து எழுந்தேன்.

"வலிச்சுச்சா?" என்று கேட்டாள்.

"ரொம்ப. கத்திக்கிட்டேதான் செஞ்சேன். நீயும் கத்து, யாரு கேக்கப் போறா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள், நர்சம்மாவைப் பார்த்தாள். பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து கத்திக்கொண்டே, சுண்டுவிரலை மெதுவாக நிமிர்த்தினாள்.