நகானோ-சானுக்கு ஒரு கிண்ணம் ராமென்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஆர்.எஸ்.புரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ராமென் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கோயமுத்தூரிலேயே இதுதான் நம்பர் ஒன் என்று அவள் வகுப்பில் பேச்சாம். கிண்ணம் மேசைக்கு வந்ததும் எலும்பு வெந்த சூப்பின் ஆவி என் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. கிண்ணத்தைச் சற்றுத் தள்ளி வைத்தேன். பசி இல்லாமலில்லை, பயம். “ஏம்மா, புடிக்கலையா?” என்றாள். ராமெனைப் பார்த்துப் பயப்படுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என் முதல் வேலை, நூற்பாலை இயந்திரங்களுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். கேட்கப் பெரிதாக இருக்கிறதல்லவா? சனி ஞாயிறு வகுப்புக்குப் போய் ஆரம்பப் பரீட்சையை மட்டும் தேறியிருந்தேன். அடுத்ததில் இரண்டு தடவை கோட்டை விட்டதை விண்ணப்பத்தில் எழுதவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வோம் என்றார்கள். அந்த ஆறு மாதமும் ஃபோன் அடித்தாலே ஜப்பானாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன்.

நகானோ-சான் வந்தது அப்போதுதான். (‘சான்’ என்பது பெயரோடு சேர்க்கும் ஜப்பானிய மரியாதைச் சொல்.) புது மெஷினை நிறுவி ஓட்டிக் காட்ட மூன்று வாரம் தங்க வந்த இன்ஜினியர். ஐம்பது வயதிருக்கும். தண்ணீர் கொடுத்தால்கூடத் தலைகுனிந்து நன்றி சொல்வார். முதல் நாள் கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் பழனிச்சாமி அண்ணன், “அவருக்கு எப்படி வேணும்னு கேட்டுச் சொல்லுங்க அம்மணி” என்றார். கேட்டேன். நகானோ-சான் நிறையப் பேசினார். அதில் என் காதில் நின்றது ‘அஸ்ஸாரி’ என்ற ஒரு சொல்தான். பொருள் தெரியாது. திருப்பிக் கேட்டால் குட்டு உடைந்துவிடும். தலையாட்டினேன். சாரி, சாரம் என்று மூளை தானாக ஒரு முடிச்சைப் போட்டது.

“நல்லா காரசாரமா வேணுமாங்கண்ணா.”

“அப்படிச் சொல்லுங்க! நம்மாளு!” என்று அவர் மிளகாயை அள்ளினார்.

நாலாவது நாள் நகானோ-சான் மெஷினைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். தட்டைத் தொட்டுவிட்டு ஒரு வாழைப்பழத்தோடு எழுந்துவிடுகிறார் என்று செய்தி வந்தது. மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

“ஏனுங்க அம்மணி, அவரு மயக்கம் போட்டு உழுந்துட்டா மெசினை யாருங்க ஓட்டறது? என்ன வேணும்னு கேட்டு வாங்கிக் குடுத்துப்போடுங்க. கார் எடுத்துக்குங்க.”

கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு சொல் சொன்னார்: ராமென். அது எனக்குத் தெரிந்த சொல்.

டிரைவர் சின்னுச்சாமி அண்ணன் சென்னிமலைக்காரர். “ராமனா? எந்த ஊருக்காரருங்க?” என்றார். சூப்பில் போட்ட சேமியா மாதிரி என்று விளக்கினேன். இப்போதுபோல் கைப்பேசியில் தேடுகிற காலமில்லை. பெரிய ஹோட்டல் ஒன்றில் தக்காளி சாஸ் கரைத்த தண்ணீரில் நூடுல்ஸ் மிதந்தது. இன்னொன்றில் எங்கள் கண்முன்னாலேயே பாக்கெட்டைப் பிரித்தார்கள். மூன்றாவது இடத்தில் கறிவேப்பிலை தாளித்திருந்தார்கள். வீணாகக்கூடாது என்று எல்லாவற்றையும் சின்னுச்சாமி அண்ணனே சாப்பிட்டார். “நல்லாத்தானுங்க இருக்குது, இதையே குடுத்துப் பாக்கலாமுங்க” என்றார் ஒவ்வொரு முறையும். எனக்கு வேலை போன பிறகு அப்பாவிடம் என்ன சொல்வது என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

யாரோ கைகாட்டி, காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் போனோம். நாலே மேசை. டார்ஜிலிங் பக்கத்திலிருந்து வந்த பிமலா என்ற பெண் அடுப்படியில் நின்றாள். என்னைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கலாம்.

“ராமென் தெரியாது. துக்பா தெரியும். எலும்பு சூப், நூடுல்ஸ்” என்றாள். அப்புறம் கரண்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: “அவருக்கு எப்படி வேணும்?”

அதே கேள்வி. காருக்கு ஓடிப்போய்ப் பையிலிருந்த அகராதியைப் புரட்டினேன். அஸ்ஸாரி: காரம், எண்ணெய், மசாலா இல்லாமல் லேசாக.

நாலு நாளாக அந்த மனிதரைப் பட்டினி போட்டது பழனிச்சாமி அண்ணனுமில்லை, ஊருமில்லை. நான்.

“உப்பு மட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்” என்று பிமலாவிடம் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் நகானோ-சானைக் கூட்டிப்போனோம். கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெரிய சத்தத்தோடு உறிஞ்ச ஆரம்பித்தார். “கண்ணு, அவருக்கு இளைக்குதுங்களா?” என்று சின்னுச்சாமி அண்ணன் பதறினார். பிமலா கரண்டியோடு அசையாமல் நின்றாள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, “இது ராமென் இல்லை” என்றார். என் உயிர் போய்விட்டது. “ஆனால் ரொம்ப நன்றாக இருக்கிறது.”

அதற்குமேல் தாங்காமல், உடைந்த ஜப்பானியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சையைக்கூட. அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “இந்த ஊரில் இருப்பதிலேயே காரமில்லாத சாப்பாடு கெஸ்ட் ஹவுஸில் போட்டதுதான் என்று நினைத்துவிட்டேன். காரமானது எப்படியிருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.” அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார்.

மேனேஜரிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழனிச்சாமி அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். “அட, முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமுங்களே” என்று மிளகாய் டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான். மெஷின் ஓடியது. எனக்கு வேலை நிரந்தரமானது. ஊருக்குக் கிளம்பும்வரை நகானோ-சான் தினமும் மத்தியானம் அந்தச் சந்துக்குப் போனார். அவர் போன பிறகும் நான் அங்கே சாப்பிடப் போவதை விடவில்லை.

இப்போது அந்தக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் கிடையாது. வெளிநாட்டுக்காரர் வந்தால் நடுவில் ஒரு ஃபோனை வைத்துக்கொண்டு பேசுகிறார்களாம். யாருக்கும் பயமில்லை, நல்லதுதான். பிமலா கொரோனா சமயத்தில் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். அந்த இடத்தில் இப்போது ஃபோன் கவர் விற்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தேன். “மலைப்பக்கமுங்க. எந்த ஊருன்னு தெரியாதுங்களே” என்றார்.

டார்ஜிலிங் பக்கம் என்பதற்குமேல் எனக்கும் தெரியாது. வருஷக்கணக்கில் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை.