கைப்பாஸின் மூக்கு

என் மனைவி விக்ரோரியாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கிருக்கும் எரிச்சலில் அது நடக்காது. எரிச்சல் அவள்மீது இல்லை. பாதி குருசுமுத்து மாஸ்ரர்மீது, மீதி என்மீது.

என் பெயர் நீக்கிலாஸ். டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் நகரத்தில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வருடத்தில் ஒரு நாள் மட்டும் யூதர்களின் தலைமைக்குரு கைப்பாஸ். தவக்காலத்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் போடும் பாடுகளின் நாடகத்தில், இருபத்திரண்டு வருடமாக யேசுவைக் கொல்லச் சொல்லிக் கத்துகிறவன் நான்தான். அதற்காக எனக்கு ஒரு வளைந்த மூக்கும் உண்டு. ஃபாஸ்டெலவ்ன் மாறுவேடக் கொண்டாட்டம் முடிந்ததும் கடைகளில் மிஞ்சிக் கிடக்கும் சூனியக்காரி மூக்கு அது. குருசுமுத்து மாஸ்ரர் வாங்கி வந்து தோல் நிறம் பூசித் தந்தார். மன்னாரிலிருந்து கையெழுத்துப் பிரதியோடு வந்து, இன்றுவரை ஒரு எழுத்தும் மாற்றாமல் நாடகத்தை நடத்துகிறவர் அவர்தான்.

உடுப்பெல்லாம் விக்ரோரியா தைத்தது. எண்பத்தொன்பதில் டென்மார்க்குக்கு வந்தவள், இக்காஸ்டில் ஒரு தையல் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் காலர் தைத்தாள். ஒரு நாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, கோப்பி கொடுத்து, தொழிற்சாலையை மூடப்போவதாகச் சொன்னார். வேண்டிய துணியை எடுத்துக்கொண்டு போங்கள் என்றும் சொன்னார். மற்றவர்கள் பூப்போட்ட துணிக்கு அடிபட, இவள் யாரும் சீண்டாத கறுப்பு மஞ்சள் கோடு போட்ட துணியில் ஒரு முழு உருளையைக் காரில் ஏற்றினாள். எனக்கு விசர் பிடித்தது. இதில் என்ன தைக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

யூதர்களுக்குத் தைத்தாள். எங்கள் நாடகத்தில் யேசுவுக்கு வெள்ளை, மாதாவுக்கு நீலம், சீடர்களுக்கு வெளிர் நிறங்கள். யூதர்களுக்கு அந்தக் கோடு போட்ட துணியும், இரண்டு பக்கமும் கூராக நிற்கும் தொப்பியும். டென்மார்க்கில் பிறந்த பிள்ளைகள் யூதர் வேஷத்துக்குத்தான் சண்டை பிடிப்பார்கள். தாடி ஒட்டலாம், கத்தலாம் அல்லவா. எங்களுக்கு யூதர் என்றால் எள்ளளவும் சந்தேகமில்லாமல் ஒரு வேஷம். அப்படி ஒரு சனம் உலகத்தில் இருக்கிறது, அது கடைக்குப் போகும், மூட்டுவலியால் முனகும் என்பதெல்லாம் எங்கள் தலையில் ஏறியதில்லை.

இப்போது அவளுக்கு முதியோரை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை. காலையில் முதல் வீடு ரூத் என்ற எண்பத்துநாலு வயதுப் பெண்மணியுடையது. கண்ணுக்கு மருந்து விட்டு, இறுக்கக் காலுறை போட்டுவிட்டு வர இருபத்தைந்து நிமிடம். போன மாசி மாதம் ஒரு காலை, நாடக உடுப்புகளை என் மனைவி பெருமையாகக் கைபேசியில் அவருக்குக் காட்டியிருக்கிறாள். கோடு போட்ட துணிக்காரரைப் பார்த்து இது யார் என்று கேட்டாராம் ரூத். இவளும், யூதர்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

"நானும் யூதப் பெண்தான். எனக்கு இப்படி ஒரு கொம்புத் தொப்பி யாரும் தரவில்லையே" என்றாராம் அவர்.

கோபப்படாமல் சொன்னதுதான் விக்ரோரியாவைச் சுட்டது. ஜெர்மன்காரன் யூதரைப் பிடிக்க வந்தபோது மூன்று வயதில் மீன்பிடிப் படகின் அடியில் படுத்துச் சுவீடனுக்குத் தப்பியவர் ரூத் என்பது அவளுக்கு முன்பே தெரியும். அந்தக் கதையைக் கேட்டு அழுதவளும் அவள்தான். ஆனாலும் அந்த யூதரும் இந்த யூதரும் ஒன்று என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியதில்லை. பிறகு ரூத் இன்னொன்று கேட்டிருக்கிறார். அப்படியானால் அந்த வெள்ளை உடுப்புக்காரர் யார்? அவர் எந்தச் சனம்? சிறுவயதிலிருந்தே ஞானோபதேசம் படித்து ஐம்பத்தாறு வயதான என் மனைவி காலுறையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

அதிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் இந்தக் கதைதான். மாலையில் அது எங்கள் சமையலறைக்கு வந்துவிடும். யேசு யூதராகப் பிறந்தார், யூதராகவே செத்தார். அவருடைய அம்மாவும் சீடர்களும் அப்படித்தான். பரிசேயர் என்ற யூத மதக்குழுவோடு அவர் போட்ட வாக்குவாதம், யூதர் தங்களுக்குள் எப்போதும் போடுகிற வாக்குவாதம். சிலுவையில் அறைகிற அதிகாரம் ரோமனிடம் இருந்தது. கைப்பாஸைப் பற்றி ரூத்துக்கும் நல்ல எண்ணமில்லை. அவனை அந்தப் பதவியில் வைத்ததே ரோமன்தானாம். பிறகு ரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். யேசுவை நம்பிய யூதரும் நம்பாத யூதருமாக, ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பட்டார்கள். அந்தப் பிரிவின் சூட்டில் சுவிசேஷத்தில் எழுதியதைத்தான் நீங்கள் மேடையில் கத்துகிறீர்கள் என்று சொன்னாராம். யேசுவைக் கடவுள் என்று தான் நம்பவில்லை, அது வேறு விஷயம் என்றும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், எங்களுக்கே எதிரியாக நிறுத்திவிட்டீர்கள் என்றாராம்.

அந்தக் கடைசிப் பேச்சு விக்ரோரியாவை உலுப்பிவிட்டது. நாடகத்துக்கு வாருங்கள் என்று ரூத்தை அழைத்தாள். முன்வரிசையில் நீங்கள் வெட்கப்படாமல் இருக்கும்படி செய்வேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாடகக் குழுக் கூட்டத்தில் எழும்பி நின்று மூன்று விஷயம் கேட்டாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி உடுப்பு. இவனுடைய இரத்தப் பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருக்கட்டும் என்று கைப்பாஸ் தொடங்கிச் சனம் சேர்ந்து கத்தும் வரி வேண்டாம். மூக்கு வேண்டாம். யூதர்மீது பழி போடக்கூடாது என்று திருச்சபையே அறுபது வருடத்துக்கு முன் சொல்லிவிட்டது என்றும் சொன்னாள்.

"அது ரோமாபுரியிலை, பிள்ளை. இது எங்கட ஊர் நாடகம்" என்றார் மாஸ்ரர். "ஆர் நல்லவன், ஆர் கெட்டவன் எண்டு கடைசி வாங்கிலை இருக்கிறவனுக்கும் தெரியவேணும்."

விக்ரோரியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடக் கைப்பாஸ் நான். ஒரு சொல் சொல்லியிருந்தால் மாஸ்ரர் யோசித்திருப்பார். வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி இருந்தேன். அவள் மறுபக்கம் திரும்பி, சரி மாஸ்ரர், யூதருக்குப் பழைய உடுப்பே இருக்கட்டும், யேசுவின் ஆட்களுடைய வெள்ளையெல்லாம் பழுப்பாகிவிட்டது, அதைமட்டும் புதிதாகத் தைத்துத் தருகிறேன் என்றாள். மாஸ்ரருக்கு வாயெல்லாம் பல். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்கூட வந்தது. நான் கோபப்பட்ட அழகைப் பாருங்கள்.

குருத்து ஞாயிறு பின்னேரம் நாடகம். தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது விக்ரோரியா பைகளோடு வந்து, யேசுவாக நடிக்கும் பஸ்காரன் ஸ்ரான்லியின் கையில் அவனுடைய உடுப்பைக் கொடுத்தாள். கறுப்பும் மஞ்சளும் கோடு போட்ட துணி. அந்த உருளையில் மிச்சமிருந்ததெல்லாம் அதில்தான் போயிருந்தது. மாதாவுக்கும் அதே துணி, பேதுருவுக்கும் அதே துணி, யோவானுக்கும் அதே துணி. யேசுவின் மேலாடையில் மட்டும் நாலு மூலையிலும், யூத ஆண்கள் கட்டுவது போல, வெள்ளைக் குஞ்சம் கட்டியிருந்தாள். மாஸ்ரர் தலையில் கைவைத்துக்கொண்டு பழைய வெள்ளையைத் தேடினார். அது எங்கள் வீட்டில் தரை துடைக்கும் துணியாகக் கிடந்தது. வேறு வழியில்லை, மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் ரூத் தான் பிடித்து நடக்கும் தள்ளுவண்டியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது, பொய் சொல்லவில்லை. என் மனுசி செய்துவிட்டாள் என்று நினைத்தேன். என் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மூக்கு இருந்தது.

விக்ரோரியா அந்தப் பக்கம் வந்தாள். மூக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாதாவின் முக்காட்டுக்கு ஊசி குத்தப் போய்விட்டாள். நான் அதை மாட்டிக்கொண்டேன். பழக்கம் என்று சொல்லித் தப்பலாம். உண்மை என்னவென்றால், மாஸ்ரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

தொடக்கத்தில் சனம் குழம்பியது, எது யேசு என்று ஒரு பிள்ளை சத்தமாகக் கேட்டது. விசாரணைக் காட்சி வந்தது. மேடையில் ஒரே துணி உடுத்தவர்கள் ஒருவனைச் சுற்றி நின்று கத்தினார்கள். ரோமன் மட்டும் சிவப்பில் தள்ளி உட்கார்ந்திருந்தான். ஒரு வீட்டுச் சண்டையை அயலவன் தீர்த்து வைக்க வந்தது போல இருந்தது. என் முறை வந்தது. எதிரே ஸ்ரான்லி, என் உடுப்பையே உடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து நின்றான். அந்தப் பழி வரியை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் தொடங்காவிட்டால் பிள்ளைகளும் கத்தமாட்டார்கள். சொன்னேன். அதுவும் வழக்கத்தைவிட உரக்கச் சொன்னேன். பிள்ளைகள் திருப்பிக் கத்தினார்கள். ரூத் என்னைப் பார்க்கவில்லை, குஞ்சங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்தபின் கோப்பி குடிக்கும் இடத்தில் ரூத் விக்ரோரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, குஞ்சத்துக்கு முடிச்சுப் போட்டது பிழை, நாளைக்குக் காலுறை போட வரும்போது சரியாகக் காட்டித் தருகிறேன் என்றார். ஆனால் தன் ஆயுளில் நாடகத்து யேசு ஒருவருக்குக் குஞ்சம் கட்டிவிட்ட ஆள் இவள்தான் என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். மூக்கு என் கையில் இருந்தது, மறைக்க இடமில்லை.

"நன்றாக நடித்தாய்" என்றார். அவ்வளவுதான். தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

காரில் வரும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உன்னுடைய வேலை அவருக்குப் பிடித்துவிட்டது, மாஸ்ரரும் அடுத்த வருடம் ஒன்றும் சொல்லமாட்டார், எல்லோருக்கும் உடுப்பு நன்றாக அமைந்தது என்று அலம்பிக்கொண்டே வந்தேன். சந்தியில் சிவப்பு விளக்குக்குக் காரை நிறுத்தியதும் விக்ரோரியா என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாருக்கும் தைச்சன்" என்றாள். "உங்கட மூக்கிலை மட்டுந்தான் கை வைக்கேல்லை. அதை நீங்களாக் கழட்டுவியள் எண்டு இருந்தனான்."

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தபிறகுதான் காரை எடுத்தேன்.