ஒரு சட்டையும் மாறாத கடை

லாண்டரி அக்கா வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டாள். ஆனால் தொழிலில் சுத்தம். அவள் கடையில் ஒருவர் சட்டை இன்னொருவர் கைக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை. துவைக்கும்முன் துணியில் குத்திய பெயர்ச் சீட்டைக் கழற்றுவாள், இஸ்திரி போட்டதும் அதே துணியில் திரும்பக் குத்துவாள். இந்தப் பெருமையை என்னிடம் அளக்காத நாள் இல்லை. பக்கத்துக் கடையில் தையல் மெஷினோடு மாட்டிக்கொண்டவன் நான், எங்கே ஓடுவது?

அவள் மகனுக்குக் கைக்குட்டை மடிக்கக்கூட வராது. டெலிவரி வேனை மட்டும் எந்தச் சந்திலும் அநாயாசமாக நுழைப்பான். தினமும் அவனுக்கு ஒரே அர்ச்சனைதான்.

"நீ என் வயித்துல பொறந்தவனே இல்லடா. ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க."

அவனும் பல்லை இளிப்பான்.

ஒரு மதியம், சலவைக்குப் போட்ட சட்டையை வாங்க நான் அங்கே நின்றிருந்தபோது, டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மா ஒருவர் தன் மகனோடு வந்தார். அந்தப் பையனைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் புருஷன் வாலிபனாகி வந்து நின்றதுபோல் இருந்தான். அதே மடங்கிய இடது காது. அவன்பாட்டுக்கு மேஜையில் கிடந்த துணிகளை மடித்து அடுக்க ஆரம்பித்துவிட்டான்.

"என் ஸ்கூல்லயே படிச்சும் லைசென்ஸ் டெஸ்ட்ல மூணு தடவை ஃபெயிலுங்க," என்றார் அந்தம்மா. "சந்தேகம் வந்து டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தோம். எங்களுக்குப் பொறந்தவன் இல்லையாம். பிரசவத்தப்போ பக்கத்துப் படுக்கையில நீங்கதான் இருந்தீங்க. அந்த நர்ஸை நான் சும்மா விடப்போறதில்லை."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"நர்ஸ் பாவங்க," என்றாள். "அங்க சீட்டைக் குழந்தை கையில கட்டமாட்டாங்க, சுத்தின துணியிலதான் குத்துவாங்க. ரெண்டு துணியிலயும் கறை. என்னால சும்மா இருக்க முடியலை. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. ரெண்டு பிள்ளையையும் என் படுக்கையில போட்டுட்டு, துணியை அலசி உலர்த்தி, திரும்பச் சுத்திவிட்டேன். துணிக்குச் சீட்டு மாறலைங்க." குரல் உடைந்தது. "பிள்ளைதான் மாறிப்போச்சு."

அந்தம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்காவின் மகனைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்கு வர்றியாப்பா?"

"ஞாயித்துக்கிழமை வர்றேங்க," என்றான் அவன்.

அக்காவின் காதில் 'வர்றேன்' மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது. அவன் ஒரேயடியாகப் போய்விடுவான் என்று பயந்துவிட்டாள். வாயாடிதான், ஆனால் அவனில்லாமல் அவளுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது.

அப்போதுதான் கருகல் நாற்றம் வந்தது. சட்டை முதுகில் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு நின்றிருந்தான் மகராசன்.

"அடப்பாவி, நீ என் வயித்துல..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள்.

"சொல்லும்மா," என்றான் அவன். கண் கலங்கியிருந்தது. "எப்பவும் சொல்றதுதானே."

அக்கா போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"அப்படியே உங்கப்பன் புத்திடா உனக்கு," என்றாள்.

அவன் அந்தச் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். அது என் சட்டை. நான் வாயைத் திறக்கவில்லை.