சராசரி நூற்றிருபத்தெட்டு

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஜீப் ஓட்டியவர் சுருளியாண்டி. எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு விடிந்ததும் கிளம்பிவிடுவார். சர்க்கரை நோய் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. 2009 ஆடி மாதம் தேனியில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனை எடுத்தார். 6.1 என்று வந்தது. அதன் கீழே சராசரி 128 என்று அச்சடித்திருந்தார்கள். நன்றாக இருப்பதாக லேப்காரர் சொல்ல, சுருளியாண்டிக்குக் கவலை விட்டது.

நாலாம் நாள் காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டு, எதுவும் சாப்பிடாமல், பாலில்லாத கட்டன் சாயாவை மட்டும் குடித்துவிட்டு மலையேறினார். பாதி மலையில், அந்தக் குளிரிலும் சட்டை நனைந்தது. கை நடுங்கியது. ரோடு இரண்டாகத் தெரிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேயிலை பறிக்கும் மாரீஸ்வரி திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, ஏன் இப்பிடி வேர்க்குது? அண்ணே, நிப்பாட்டுங்க!"

குரல் காதில் விழுந்தது; என்ன சொல்கிறாள் என்பதுதான் புரியவில்லை. வண்டி பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கியது. மாரீஸ்வரி இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். ரோட்டோரக் கல்லில் முன் சக்கரம் மோதி வண்டி நின்றது. அலறிக்கொண்டு எல்லோரும் குதித்தார்கள். சுகர் இறங்கிவிட்டது என்று புரிந்து, மாரீஸ்வரி தன் சாமான் பையிலிருந்த சீனிப் பொட்டலத்தைக் கிழித்து அள்ளி அவர் வாயில் போட்டாள்.

கால் மணி நேரத்தில் தெளிவு வந்தது. சக்கரத்தையும் அதற்கப்பால் பள்ளத்தையும் பார்த்தார்.

"வண்டில எத்தன பேரு?"

"ஒங்களோட ஒம்பது."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் அல்லிநகரத்தில் தனக்கு மாத்திரை எழுதித் தரும் டாக்டரம்மாவிடம் ரிசல்ட்டை நீட்டினார். "லேப்ல நல்லா இருக்குன்னுதானே சொன்னாக?"

டாக்டரம்மா ஐம்பது, இருநூற்றாறு என்று எழுதிக் காட்டினார். "காலைல இவ்வளவு எறங்கி, ராத்திரி இவ்வளவு ஏறுனாலும் சராசரி நூத்தி இருபத்தெட்டுதான் வரும். எறங்குனத இந்தக் கணக்கு காட்டாது. இதுக்கு முன்னாடி காலைல வேர்வை, நடுக்கம் வந்திருக்கா?"

வந்திருக்கிறது. பசி என்று விட்டிருந்தார். எத்தனை தடவை, எந்தெந்த வளைவில் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். விழாமல் தப்பித்த நாட்களை நினைத்துத்தான் அதிகம் பயந்தார்.

டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்தார். வேளைக்குச் சாப்பிட வேண்டும், தான் சொல்லும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்றார். சுருளியாண்டி சுகர் பார்க்கும் மிஷின் வாங்கினார். விரலில் குத்தி, எண் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்த பரிசோதனையில் 6.8 வந்தது. கூடிவிட்டதே என்று பதறினார்.

"எறங்குற பள்ளம் கொறஞ்சதாலதான் கூடியிருக்கு. இது போதும்" என்றார் டாக்டரம்மா. வண்டி ஓட்டவும் சம்மதித்தார்.

சுருளியாண்டி தேனிக்கும் சின்னமனூருக்கும் மட்டுமே ஓட்டினார். மலைக்குக் கூப்பிட்டவர்களிடம், "இன்னும் தைரியம் வரலப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.