ஏழாவது வரி

1. வெள்ளாங்குளத்துக் குடும்பம் ஒன்று எங்கள் வீட்டுத்திட்டப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தது.
2. பட்டியல் குடும்பத் தலைவர்களின் பெயர்ப்படி அகர வரிசையில் இருப்பதால், அந்தப் பெயருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லோரும் ஒரு வரி இறங்கினார்கள்.
3. நறுவிலிக்குளத்து அக்கா ஒருவரின் பெயருக்கு நேரே, இணையப் பக்கத்தில், 'நிராகரிக்கப்பட்டது' என்று சிவப்பில் வந்தது.
4. எங்கள் ஆட்கள் அவரது காணியைப் பார்க்க வரவிருந்த நாளில், இனி யார் வரப்போகிறார்கள் என்று அவர் வயல்வேலைக்குப் போய்விட்டார்.
5. எங்கள் கள அலுவலர் போய், 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு திரும்பினார்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. அதன் இணையப் பக்கம் என் பொறுப்பு. ஒவ்வொரு குடும்பத்தின் வரியிலும் அதன் கோப்பு எண்ணை அடையாளமாக வைத்திருந்தேன். எந்த வரியை மாற்றுவது என்று கணினி நிரலுக்குக் காட்டும் குறிப்பைச் செலக்டர் என்போம். அது அந்த எண்ணைத்தான் தேட வேண்டும். நான் காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளில் மேலதிகாரி தானே கைவைத்தார். உண்மையில் நிராகரிக்கப்பட்டவர் அன்றைக்கு ஏழாவது வரியில் இருந்தார். மேலதிகாரி செலக்டரில் கோப்பு எண்ணுக்குப் பதில் 'ஏழாவது வரி' என்றே எழுதிவிட்டார். அதன்பிறகு யார் பக்கத்தைத் திறந்தாலும் நிரல் ஏழாவது வரியைச் சிவப்பாக்கியது, அங்கே யார் இருந்தாலும். வெள்ளாங்குளத்துக் குடும்பம் சேரும்வரை அக்கா ஆறாவதில் இருந்தவர்.

அவர் எங்கள் நிறுவனத்தின் கந்தோருக்கு வந்தபோது, முகாமில் பிறந்த மகளும் கூட வந்தாள்.

"நான்தான் போன்ல பாத்து அம்மாகிட்ட சொன்னேன்," என்றாள், குற்றம் தன்னுடையது போல.

"நான் என்ன பிழை விட்டனான் பிள்ளை?" அக்கா என்னிடம் கேட்டார். "எல்லாக் கடுதாசியும் தந்தனான்தானே."

மேலதிகாரி கதிரையில் இருந்தபடியே, "கம்ப்யூட்டர் பிழை அம்மா. திருத்தியாச்சு," என்றார்.

"கம்ப்யூட்டர் பிழை விடேல்லை, சேர். ஏழாவது வரி எண்டு நீங்கள் எழுதினீங்கள். அது ஏழாவதைத்தான் மாத்தினது," என்றேன்.

"தங்கச்சி பிழை விட்ட ஆக்களின்ரை லிஸ்ட் போடத் தொடங்கிட்டா," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதிலை எனக்கு எத்தினையாம் நம்பர்?"

"முதலாவது, சேர்."

சிரிப்பு நின்றது.

பக்கத்தைத் திருத்த எனக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. 'ஆள் இல்லை' என்பதைத் திருத்த ஒருவரும் தயாரில்லை. அன்றைக்கு அக்கா வீட்டில் இல்லாதது உண்மைதானே என்கிறார்கள். காத்திருக்க வேண்டாம் என்று எங்கள் இணையப் பக்கமே ஒருவருக்குச் சொல்லிவிட்டு, ஏன் காத்திருக்கவில்லை என்று அவரிடமே கேட்பது என்ன நியாயம்? கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு நடந்ததைக் கடிதமாக எழுதி, பழைய நிரல் வரியையும் திருத்திய வரியையும் இணைத்தேன். கடிதம் போக மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும்; காரணத்தைத் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று மாற்றினால் வைப்பதாகச் சொன்னார். மாற்றமாட்டேன் என்றேன்.

இன்றைய நிலை இது. நிரல் கோப்பு எண்ணைத் தேடுகிறது. கடிதம் கையெழுத்தில்லாமல் மேலதிகாரியின் மேசையில் இருக்கிறது. அக்காவின் காணியைப் பார்க்க வேறொரு நாள் குறிக்கப்படவில்லை. அவரும் மகளும் தகரக் கொட்டிலில்தான் இருக்கிறார்கள்.